கறவை மாட்டுக்குத் துவர்ப்பு: அளவோடு கொடுத்தால் லாபம், அள்ளிக் கொடுத்தால் நட்டம்!

போன மாசி மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் தேவிகாபுரத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் பட்டு நெசவாளர் வீட்டு அம்மா. வீட்டில் ஒரு குழித்தறி, பின்கட்டில் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள்.

"சார், பெரிய மாடு தீனியே எடுக்கல. மூணு நாளா சாணி உருண்டை உருண்டையா போடுது. ஒன்பது லிட்டர் கறந்த மாடு, நேத்து ரெண்டு வேளையும் சேர்த்து நாலு லிட்டர்தான்."

"புதுசா ஏதாவது கொடுத்தீங்களாம்மா?"

"நீங்கதானே சார் கூட்டத்துல சொன்னீங்க, துவர்ப்பு சேர்த்தா புண்ணாக்கு வீணாகாதுன்னு. கடுக்காய்த் தூள் கொடுத்தோம். காலையில கால் கிலோ, சாயங்காலம் கால் கிலோ. ஏரிக்கரையில பொறுக்கின கருவேலங்காயும் ஒரு கூடை. புண்ணாக்கைப் பாதியா குறைச்சிட்டோம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் பத்து நிமிடம் பேசியிருந்தேன். துவர்ப்புச் சத்து ஏன் நல்லது என்று விளக்கமாகச் சொன்னேன். எந்தத் துவர்ப்பு, எவ்வளவு, எந்த மாட்டுக்கு என்பதைச் சொல்லவில்லை. உரத்துக்கு ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று சொல்லாமல் ஒரு நாளும் வந்ததில்லை. மாட்டுத் தீவனத்தில் அதைச் சொல்லாமல் வந்தது என் தப்பு.

உடனே கடுக்காயையும் கருவேலங்காயையும் நிறுத்தச் சொல்லி, கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். அவர் பார்த்து மருந்து கொடுத்தார். மாடு பழைய நிலைக்குத் திரும்பப் பத்து நாள் ஆனது. பத்து நாள் பால் பணம் அந்த வீட்டுக்குச் சின்ன விஷயம் அல்ல. தறியில் பாவு ஏறாமல் நிற்கும் நாட்களில் அடுப்பு எரிவதே அந்தப் பணத்தில்தான். அன்று நான் சொல்லாமல் விட்டதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

துவர்ப்பு என்பது என்ன?

பாக்கை மென்றால் நாக்கு வறண்டு, வாய் இழுத்துக்கொள்வது போல இருக்கும். வாழைப்பூ, நாவல்பழம், பிஞ்சு மாதுளை எல்லாவற்றிலும் இதே அனுபவம்தான். இதற்குக் காரணமான பொருளுக்கு டானின் என்று பெயர். எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுவதால்தான் வாய் வறள்கிறது.

டானினின் வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால், புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். மாட்டுத்தோலும் புரதம்தான். அதனால்தான் ஒரு காலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை வண்டி வண்டியாகப் போனது. பட்டையின் டானின் தோலின் புரதத்தோடு சேர்ந்து, அழுகாத பதப்படுத்திய தோல் ஆனது. சாயப்பட்டறைப் பெரியவர்களைக் கேட்டால், நூலில் சாயம் பிடிக்கக் கடுக்காயில் ஊறவைத்த கதையைச் சொல்வார்கள். ஜவ்வாது மலையிலிருந்து இன்றும் இறங்கும் அதே கடுக்காய்தான்.

டானினில் இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் தேவிகாபுரத்து மாட்டுக்கு அந்தக் கதி.

முதல் வகை, எளிதில் உடையாத டானின். ஆலிலை, புளியங்கொட்டையின் மேல்தோல் போன்றவற்றில் இருப்பது பெரும்பாலும் இதுதான். மாட்டின் குடலில் இது அவ்வளவாக உடையாது, ரத்தத்திலும் சேராது. தீவனத்துக்குப் பெரிதும் பயன்படுவது இது.

இரண்டாவது வகை, வயிற்றில் உடையும் டானின். கடுக்காயில் இது அதிகம், நாட்டுக் கருவேலங்காயிலும் உண்டு. இது உடைந்து, உடைந்த பொருட்கள் ரத்தத்தில் கலக்கும். சிறிய அளவில் மாடு சமாளித்துக்கொள்ளும். அளவு மீறினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கடுக்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின்தான். மனிதருக்கு மருந்தாகச் சிட்டிகைக் கணக்கில் கொடுக்கும் பொருளை மாட்டுக்குக் கிலோ கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புண்ணாக்கு எங்கே வீணாகிறது?

நம் பகுதி கடலை பூமி. போளூர், சேத்துப்பட்டு, ஆரணி, வந்தவாசி என்று எங்கு போனாலும் மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்குதான் முதல் தீவனம். அதில் 100க்கு 40 பங்குக்கு மேல் புரதம். ஆனால், அந்தப் புரதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மாட்டின் முதல் வயிற்றிலேயே சீக்கிரமாக உடைந்துவிடுகிறது.

மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய ஊறல் தொட்டி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. புண்ணாக்குப் புரதத்தை அவை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அந்த அம்மோனியாவைக் கொண்டே நுண்ணுயிரிகள் தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. பின்னால் அவையே மாட்டுக்குப் புரதமாகச் செரிக்கின்றன. இதுவரை நல்லதுதான். ஆனால் அம்மோனியா நுண்ணுயிரிகளின் தேவைக்கு மேல் உண்டானால், மிச்சம் ரத்தத்தில் கலந்து, ஈரலுக்குப் போய், யூரியாவாக மாறி, மூத்திரத்தில் போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கின் ஒரு பகுதி கொட்டகைத் தரையில் நாற்றமாக எழும்புகிறது. காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிகிறது என்றால், எரிவது உங்கள் பணம். அம்மோனியா அளவு மீறுவது மாடு சினை பிடிப்பதையும் பாதிக்கலாம்.

ராத்திரியே புண்ணாக்கை ஊறவைத்து, காலையில் கரைத்துத் தண்ணீரோடு காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. மாடு ஆசையாகக் குடிக்கும். ஆனால், கரைந்த புரதம் இன்னும் வேகமாக உடையும். புண்ணாக்கைத் தூளாக்கித் தவிடு, மாவோடு பிசறி வைப்பதே சிக்கனம்.

துவர்ப்பு செய்யும் வேலை

முதல் வயிற்றில் புளிப்பு அதிகம் இல்லை. அந்த நிலையில் டானின் புண்ணாக்குப் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். நுண்ணுயிரிகளால் அதை உடனே உடைக்க முடியாது. அப்படியே தீவனம் நான்காம் வயிற்றுக்குப் போகிறது. அங்கே கடும் புளிப்பு. அந்தப் புளிப்பில் டானின் பிடியை விட்டுவிடும். விடுபட்ட புரதம் குடலில் செரித்து நேராக மாட்டுக்குச் சேரும். நகையைத் துணியில் முடிந்து பஸ்ஸில் கொண்டுபோய், வீடு சேர்ந்ததும் முடிச்சை அவிழ்ப்பது போலத்தான். பஸ்ஸில் பறிபோகாமல் காப்பதே முடிச்சின் வேலை.

முடிச்சு மிகவும் இறுகிவிட்டால் வீட்டிலும் அவிழாது. டானின் அளவு மீறினால் நடப்பது இதுதான். புரதம் குடலிலும் விடுபடாமல் சாணியோடு போய்விடும். வைக்கோலின் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளும் முடங்கிவிடும். தீனி குறையும், சாணி இறுகும், பால் விழும்.

அளவோடு இருந்தால் வேறு சில நன்மைகளும் உண்டு. மூத்திரத்தில் போகும் தழைச்சத்தின் ஒரு பகுதி சாணிக்கு மாறும். அதனால் கொட்டகை நாற்றம் குறையும், எருவின் சத்தும் காற்றில் போகாமல் நிற்கும். இளம் காராமணி, குதிரைமசால் போன்ற பயறுவகைத் தழையை அதிகம் மேய்ந்து வயிறு உப்பும் மாடுகளில், நுரை கட்டுவதை டானின் குறைக்கும்.

மாடு அசை போடும்போது ஏப்பத்தில் மீத்தேன் வாயு வெளியேறுகிறது. தின்ற தீவனத்தின் ஆற்றலில் சுமார் 100க்கு 6 பங்கு இப்படிப் போய்விடுகிறது. டானின் இதையும் ஓரளவு குறைக்கிறது. உலகம் வெப்பமாவதில் மீத்தேனுக்குப் பங்கு இருப்பதால்தான் ஆராய்ச்சியாளர்கள் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள். நமக்கோ அது தீவனச் செலவுக் கணக்கும்கூட.

நம் நாட்டில் நடந்த ஆய்வுகள்

நியூசிலாந்தில் டானின் உள்ள ஒரு பயறுவகைப் புல்லை மேய்த்துப் பார்த்து, தீவனத்தில் 2 முதல் 4 சதவீதம் டானின் இருந்தால் நன்மை என்று முன்பே கண்டார்கள். தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ மரத்திலிருந்தும், ஐரோப்பாவின் செஸ்ட்நட் மரத்திலிருந்தும் எடுத்த டானின் சாறு பல நாடுகளில் மாட்டுத் தீவனத்தில் சேர்க்கப்படுகிறது. நமக்கு அந்த மரங்கள் தேவையில்லை. புளியமரமும் ஆலமரமும் போதும்.

புளியங்கொட்டையை வறுத்து இடித்தால் செந்நிறத் தோல் தனியாகக் கழன்று வரும். உள்ளே இருக்கும் பருப்பு மாவு நூலுக்குக் கஞ்சி போட மில்களுக்குப் போகிறது, தோல் கழிவாக நிற்கிறது. அந்தத் தோலைக் கலப்பினக் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்த பெங்களூரு ஆராய்ச்சியாளர்களின் ஆய்வு 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

அதே பெங்களூருவில் மத்திய அரசின் தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இருக்கிறது. டானின் நிறைந்த தாவரப் பொருட்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை அது உருவாக்கியது. மாடு, ஆடுகள் வெளிவிடும் மீத்தேன் இதனால் 17 முதல் 20 சதவீதம் குறைகிறது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. மூன்று மாதம் தாண்டி, முதல் வயிறு முழுதாக வேலை செய்யத் தொடங்கிய கால்நடைக்கே கொடுக்க வேண்டும் என்பதும் அவர்கள் சொன்ன நிபந்தனை.

2014இல் வெளிவந்த இன்னொரு இந்திய ஆய்வில், கலப்பினப் பசுக்களுக்கு ஆலிலையைக் காயவைத்துத் தூளாக்கிக் கொடுத்தார்கள். அடர்தீவனத்தில் டானின் 1.5 சதவீதம் வரும்படி அளவு வைத்தார்கள். கறந்த பாலின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனால் கொழுப்பைச் சமன் செய்து கணக்கிட்டபோது, ஆலிலை தின்ற பசுக்களின் பால், தின்னாத பசுக்களைவிடக் கூடுதலாக இருந்தது. நம் ஊருக்கு அதிகம் பொருந்துவது இந்த ஆய்வுதான்.

எதில் குறைவு, எதில் அதிகம்?

குறைவாக உள்ளவை: அகத்தி, முருங்கை, குதிரைமசால். இவற்றை டானின் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

நடுத்தரம்: சூபாபுல், பலா இலை. சூபாபுல்லில் மைமோசின் என்ற வேறு ஒரு நச்சுப்பொருளும் இருப்பதால், பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

அதிகம்: ஆலிலை, புளியங்கொட்டைத் தோல், நாட்டுக் கருவேலங்காய்.

மிக அதிகம்: கடுக்காய், ஆவாரம்பட்டை. இவற்றை மாட்டுத் தீவனமாக நினைக்கவே வேண்டாம்.

நாட்டுக் கருவேலும் சீமைக் கருவேலும் ஒன்றல்ல. சீமைக் கருவேலின் பழுத்த காய் இனிப்பானது, துவர்ப்பு குறைவு. நாட்டுக் கருவேலின் காய் மணிமணியாக இடுக்கு விழுந்து மாலைபோல் இருக்கும், துவர்ப்பு அதிகம்.

ஒரு பொருளில் டானின் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இலைத்தூள் ஒரு பிடியை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, துருப்பிடித்த ஆணி ஒன்றை அதில் போட்டு வையுங்கள். சில மணி நேரத்தில் நீர் கருத்தால் டானின் உண்டு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் காய்ச்சியது இந்த முறையில்தான். ஆனால் இது இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

எந்த மாட்டுக்குக் கொடுக்கலாம்?

இதைக் கவனமாகப் படியுங்கள். தினம் 8 லிட்டருக்கு மேல் கறக்கும், புண்ணாக்கு தின்னும் மாட்டுக்குத்தான் இதனால் பலன். காக்க வேண்டிய புரதம் தீவனத்தில் இருந்தால்தானே டானினுக்கு வேலை? மூன்று, நான்கு லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நுண்ணுயிரிகள் தயாரித்துத் தரும் புரதமே போதும்.

வைக்கோலை மட்டும் நம்பி இருக்கும் மாட்டுக்குக் கொடுத்தால் கெடுதலே. ஏற்கெனவே புரதம் பற்றாத வயிற்றில், இருப்பதையும் டானின் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த அம்மா வீட்டில் நடந்தது இதுவே. கடுக்காயும் கருவேலங்காயும் ஏறின, புண்ணாக்கு பாதியானது. மூன்றும் ஒரே வாரத்தில் நடந்தன.

கொடுக்கக் கூடாதவை: மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுகள், நிறைமாதச் சினை மாடுகள், நோயிலிருந்து தேறிவரும் மாடுகள், கன்று ஈன்று இரண்டு வாரம் ஆகாத மாடுகள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

துவர்ப்புக்குப் போகும் முன், காசு செலவில்லாத இரண்டு திருத்தங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, அடர்தீவன அளவு. உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம். பத்து லிட்டர் மாட்டுக்கு ஐந்தரை கிலோ வருகிறது. நல்ல பசுந்தீவனம் இருந்தால் இதிலும் குறைக்கலாம். இந்த ஐந்தரை கிலோவும் புண்ணாக்கு அல்ல. மாவு, தவிடு, புண்ணாக்கு, தாது உப்பு எல்லாம் சேர்ந்த கலவை.

இரண்டாவது, மாவுச்சத்து. புண்ணாக்கோடு மக்காச்சோளம், கம்பு, குருணை போன்ற ஒன்று கூடவே போக வேண்டும். அப்போதுதான் அம்மோனியாவைப் பிடித்து வளர நுண்ணுயிரிகளுக்குத் தெம்பு கிடைக்கும். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்திலேயே கொட்டகை நாற்றம் பாதி குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆலிலைத் தூள் கொடுக்கும் முறை

தூசி படியாத, முற்றிய பச்சை ஆலிலையைப் பறியுங்கள். ரோட்டோர மரம் வேண்டாம். நிழலில் பரப்பி, கையில் நொறுங்கும் பதத்துக்குக் காயவைத்து, இடித்தோ மாவு மில்லில் கொடுத்தோ கரகரப்பான தூளாக்குங்கள். ஈரம் படாத கோணியில் கட்டிவைக்கலாம். பூஞ்சணம் பிடித்தால் குப்பையில் கொட்டுங்கள், மாட்டுக்கு வேண்டாம்.

350 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்குச் சுமார் பத்து கிலோ உலர் எடைத் தீவனம் தின்னும். அதற்கு இப்படித் தொடங்குங்கள்:

முதல் வாரம், தினம் 100 கிராம்.

இரண்டாவது வாரம், தினம் 250 கிராம்.

மூன்றாவது வாரம் முதல், தினம் 500 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து.

மாடு நன்றாகத் தின்று, சாணி இயல்பாக இருந்தால் மட்டும் மெதுவாகக் கூட்டலாம். எப்படிப் போனாலும் ஒரு நாளைக்கு ஒரு கிலோவைத் தாண்டவே கூடாது.

தூளைத் தனியாக வைக்காதீர்கள். புண்ணாக்குத் தூளோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு தவிடு, மாவு சேர்த்துக் காட்டுங்கள். டானின் புண்ணாக்கைப் பிடிக்க அந்த நேரம் உதவும். தாது உப்பை இதே வேளையில் கலக்க வேண்டாம். டானின் இரும்புச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிசறுவதற்கு இரும்புச் சட்டி வேண்டாம், பிளாஸ்டிக் டப் போதும்.

நோட்டுப் போட்டுப் பாருங்கள்

தூள் தொடங்கும் முன் ஏழு நாள் காலை, மாலைப் பால் அளவை எழுதுங்கள். பால் சொசைட்டிச் சீட்டில் வரும் கொழுப்பு, இதரச் சத்து அளவையும் பக்கத்தில் குறியுங்கள். தூள் கொடுக்கும் நாட்களிலும் எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து ஏழு நாள் தூளை நிறுத்தி, அப்போதும் எழுதுங்கள். மூன்று கணக்கையும் பக்கத்தில் வைத்தால், பலன் உண்டா இல்லையா என்று உங்கள் மாடே சொல்லிவிடும். இடையில் புண்ணாக்கு வகையையோ பசுந்தீவனத்தையோ மாற்றினால் கணக்கு குழம்பிவிடும்.

வழக்கமான தீனியில் கால்வாசி மிச்சம் வைத்தாலோ, சாணி உருண்டையாக இறுகினாலோ, இரண்டு நாள் தொடர்ந்து ஒரு லிட்டருக்கு மேல் பால் குறைந்தாலோ தூளை அன்றே நிறுத்துங்கள். மறுநாளும் சரியாகவில்லை என்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். நான் வேளாண்மை படித்தவன். தீவனக் கணக்கு சொல்லலாம், வைத்தியம் சொல்லக் கூடாது.

அந்த மாடு இப்போது

மாடு தேறி ஒன்றரை மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். மோர் கொடுத்து உட்காரவைத்து, "இப்பவாவது அளவைச் சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா. தராசோடு உட்கார்ந்து 100 கிராமில் ஆரம்பித்தோம். அவருடைய மகள் பள்ளிக்கூட நோட்டில் கணக்கு எழுதினாள்.

ஆறு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தோம். பால் எட்டரை லிட்டரிலிருந்து ஒன்பதுக்கு வந்திருந்தது. அதைவிட, தினம் கால் கிலோ புண்ணாக்கைக் குறைத்தும் பால் விழவில்லை. ஒரு கிலோ புண்ணாக்கு விலை ஒரு லிட்டர் பால் விலையைத் தாண்டிவிட்ட இந்தக் காலத்தில், அது மாதக் கடைசியில் தெரியும். "தறிக்கட்டு வரைக்கும் வீசுற நாத்தம் இப்ப இல்ல சார்" என்று அவருடைய வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

ஒரு மாட்டின் கணக்கு எல்லா மாட்டுக்கும் பொருந்தாது. பெரிய லாபம் என்றும் சொல்ல மாட்டேன். ஆலமரத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால், அளவோடு செய்து பார்ப்பதில் நட்டம் இல்லை என்று மட்டும் சொல்வேன். தராசு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: என் வெள்ளாடுகள் நாட்டுக் கருவேலங்காயை நன்றாகத் தின்கின்றன. ஒன்றும் ஆவதில்லை. பசுவுக்கு மட்டும் ஏன் ஆகாது? (ஒரு வாசகர், சேத்துப்பட்டு)

பதில்: வெள்ளாடு தழை கடித்து வாழும் பிராணி. துவர்ப்பைத் தாங்கும் சக்தி அதற்குப் பசுவைவிட அதிகம். ஒரே இடத்தில் நின்று வயிறு நிறைய ஒரே பொருளைத் தின்னும் பழக்கமும் அதற்கு இல்லை. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி. கட்டிப்போட்ட பசுவோ நாம் வைப்பதைத்தான் தின்றாக வேண்டும். அதனால் அளவுப் பொறுப்பு நம்முடையது.

கேள்வி: துவர்ப்புத் தழை கொடுத்தால் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டியதில்லை என்கிறார்களே? (ஒரு வாசகி, போளூர்)

பதில்: டானின் உள்ள தழை, ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல, துணைதான். சாணப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் காலத்தில் மருந்து கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டீக்கடையில் மிஞ்சும் தேயிலைச் சக்கை மூட்டையாகக் கிடைக்கிறது. அதிலும் துவர்ப்பு உண்டே? (ஒரு வாசகர், ஆரணி)

பதில்: உண்டு. ஆனால் பாலும் சர்க்கரையும் கலந்த ஈரச் சக்கை ஒரே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சண நஞ்சு பாலிலும் வரும். அதை மண்புழு உரக் குழியில் போடுங்கள், மாட்டுத் தொட்டியில் வேண்டாம்.

கேள்வி: டானின் கொடுத்தால் பாலில் கொழுப்பு கூடுமா? (ஒரு வாசகர், தேவிகாபுரம்)

பதில்: அதை நம்பி இறங்காதீர்கள். கொழுப்புக்கு முதல் காரணம் நார்ச்சத்து. வைக்கோலும், நறுக்கிய சோளத்தட்டும் போதுமான அளவு போனால் கொழுப்பு நிற்கும். அடர்தீவனத்தை ஏற்றி, நாரைக் குறைத்தால் எந்தத் தூளாலும் கொழுப்பைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: டானின் கலந்தது என்று பாக்கெட்டில் தீவனச் சேர்க்கை விற்கிறார்கள். வாங்கலாமா? (ஒரு வாசகி, வந்தவாசி)

பதில்: பாக்கெட்டில் மூன்று விஷயம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். டானின் சதவீதம் எவ்வளவு, ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம், தயாரித்த தேதி எது. இந்த மூன்றும் இல்லாமல் "பால் பெருகும்" என்று மட்டும் போட்டிருந்தால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளவு சொல்லாத பேச்சால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சந்தேகம் இருந்தால் கீழ்நெல்லி வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ, திருவண்ணாமலையில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ பாக்கெட்டைக் காட்டிக் கேட்ட பிறகு வாங்குங்கள்.